சிவப்புக் குஞ்சம்

நாச்சிமுத்து தண்ணீர் குடிக்கிற விதத்தைப் பார்த்தே அவர் பெண்சாதி பழனாத்தாளுக்குச் சொல்லிவிட முடியும். மனசில் ஒன்றுமில்லாத நாளில் அவர் சொம்பை அண்ணாந்து பிடித்து, தொண்டை ஏறி இறங்க ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மீசையைப் புறங்கையால் துடைப்பார். எதையாவது மறைக்கிற நாளில் நாலு வாய் குடிப்பார், சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே காட்டுப் பக்கம் பார்ப்பார், மீதியை முருங்கை மரத்தடியில் ஊற்றிவிடுவார். காட்டெருமையை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு முருங்கைக்குத்தான் ஊற்றினார்.

இதை அவள் கற்றுக்கொண்டது மஞ்சள் வேகவைத்த ஒரு மாசி மாசத்தில். களத்தில் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. வேலையாட்களுக்குக் கூழ் கரைத்து ஊற்றிக்கொண்டும் அவர்களோடு கிண்டல் பேசிக்கொண்டும் நாளெல்லாம் அடுப்புக்கும் களத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். அவளுடைய அப்பன் செத்துப்போன சேதியைப் பெருமாநல்லூரிலிருந்து ஆள் விடியும்போதே வந்து நாச்சிமுத்துவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது அவளுக்குத் தெரிந்தது கடைசிக் கொப்பரை இறங்கின பிறகு. நாச்சிமுத்து வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து நின்று, உங்கப்பனுக்கு உடம்பு சரியில்லையாம், ஏறு என்றார். போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலைக் கழுவிவிட்டிருந்த ஈரம்கூடக் காயத் தொடங்கியிருந்தது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்று பகலில் அவர் களத்தில் சொம்போடு நின்று, நாலு வாய் குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மஞ்சள் அந்த வருஷம் நல்ல நிறமாக வந்தது. அதற்கப்புறம் அவளால் அவர் முகத்தை வெறும் முகமாகப் பார்க்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற வீட்டைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

காட்டெருமை வந்தது பங்குனியில். சத்தியமங்கலத்து மலையில் அந்த வருஷம் புல்லெல்லாம் கருகிவிட்டது என்றார்கள். வாய்க்கால் கரையோடு இறங்கி, வழி தப்பி, குன்னத்தூருக்குத் தெற்கே இவர்கள் தோட்டம் வரைக்கும் வந்துவிட்டது. முதலில் கண்டது பருத்தி எடுக்கிற பெண்களில் மூத்தவளான மருதாள். யாரோ எருமைக் கிடாயை அவிழ்த்து விட்டுவிட்டார்கள் என்று கல்லை எடுத்து ஓங்கியிருக்கிறாள். அது நிதானமாகத் திரும்பி அவளைப் பார்த்தது. முழங்கால் வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றினதுபோலக் கால். அதற்கு மேலே வெறும் கருங்கல். கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள் வேலிக்கல்லைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எருமையாட்டந்தானுங்க ஆத்தா இருக்குது. ஆனா எவனோ அது முதுகு மேல மச்சு ஊடு கட்டி உட்டிருக்கறானுங்க."

அன்று பொழுதுக்குள் அது பக்கத்துத் தோட்டத்து உழவு மாட்டைக் குத்திக் கொன்றுவிட்டது. பிறகு இவர்கள் பருத்திக்காட்டின் நடுவே புங்கமர நிழலைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தது. பருத்தி வெடித்துத் தொங்குகிற சமயம். ஒருத்தி காட்டுக்குள் இறங்க முடியவில்லை. பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஆட்கள் சைக்கிளில் கூட்டமாக வந்து, வேலிக்கு வெளியே கடலை கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சுட்டுத் தள்ளுவதை விட்டு எதற்கு இத்தனை பேச்சு என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள். சட்டம் வந்துவிட்டதாம், சுடக் கூடாதாம், ஊசி போட்டு மயக்கிப் பிடித்து மலைக்கே கொண்டுபோய் விடப்போகிறார்களாம். "ஊசின்னா அது கையை நீட்டிக்கிட்டு உக்காருமாக்கும்?" என்று வண்டிக்கார ஆறுச்சாமி கேட்டதற்கு நாச்சிமுத்துகூடச் சிரித்தார்.

மிருக டாக்டர் திருமூர்த்தி மதராஸிலிருந்து வந்தார். உடுமலைப் பக்கத்துக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. கூட ரத்தினசாமி என்று ஒரு கம்பவுண்டர், காக்கி உடுப்பில் வனக்காவலர்கள், மரக்கூண்டு வைத்த ஒரு லாரி. எடுத்த பருத்தியைக் கொட்டி வைக்கிற ஓட்டுச் சாளையின் வாசலில், கயிற்றுக் கட்டில்மேல் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். துப்பாக்கியில் வைத்துச் சுடுவதற்கு, விரல் தடிமனுக்கு அலுமினியக் குழாய்கள். ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் காற்றில் நேராகப் போவதற்குச் சிவப்பு நூல் குஞ்சம். மோர் கொண்டுபோன பழனாத்தாளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்கியே வெச்சிருங்கம்மா. இது முடிஞ்சு கை கழுவற வரைக்கும் நான் எதையும் வாயில வெக்க மாட்டனுங்க."

ரப்பர் உறை மாட்டிய கையால் அவர் மருந்தைக் குழாய்க்குள் ஏற்றினார். பக்கத்தில் கம்பவுண்டர் மாற்று மருந்து ஏற்றின வேறொரு ஊசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார். அது காட்டெருமைக்கு இல்லை, டாக்டருக்கு. "எம் மேல ஒரு சொட்டுப் பட்டாக்கூட, நான் என்ன சொல்றேன்னு கேட்டுக்கிட்டு நிக்காதீங்க ரத்தினசாமி. உடனே போட்டு உட்ருங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது. மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, பெண்களோடு போய்ச் சாளைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அந்த மலையைச் சாய்க்கிற மருந்து மனுசரை என்ன செய்யும் என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

துப்பாக்கிச் சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த புளியங்கொம்பு முறிகிற மாதிரி ஒன்று கேட்டது. காட்டெருமை கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் நின்றுகொண்டது. பிறகு இன்னொரு சத்தம். இந்தத் தடவை துள்ளி ஓடியது. ஓட்டம் நடையாயிற்று, நடை வேறு மாதிரி ஆயிற்று. ஆழம் தெரியாத தண்ணீருக்குள் இறங்குகிறதுபோல ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கித் தூக்கி வைத்தது. அப்புறம் முன்னங்கால் மடிய உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சரிந்தது.

சரிய விடாதீர்கள் என்று கத்திக்கொண்டே டாக்டர் ஓடினார். பக்கவாட்டில் கிடந்தால் வயிற்றில் இருக்கிற தீனி தொண்டைக்கு ஏறி மூச்சை அடைத்துவிடுமாம். ஊர் ஆண்கள் பயத்தை மறந்து தோள் கொடுத்து, அதன் நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இரு பக்கமும் மண் மூட்டை முட்டுக் கொடுத்தார்கள். பனியன் துணியை நனைத்துக் கண்ணைக் கட்டினார்கள். உடம்புச் சூடு ஏறாமலிருக்கக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. டாக்டர் அதன் மூக்கருகே உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு மூச்சாகக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அந்த முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்த பழனாத்தாளுக்குப் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

பலகையில் ஏற்றி, கயிறு கட்டி இழுத்து, கூண்டுக்குள் தள்ளி, காது நரம்பில் மாற்று மருந்தை ஏற்றினதும் லாரியே ஆடிற்று. உள்ளே அது எழுந்து நின்றுவிட்டது. ஊர் ஓவென்று சத்தம் போட்டது. பழனாத்தாள் மட்டும் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் இரண்டு கேட்டிருந்தது. காட்டெருமையின் புட்டத்திலிருந்து டாக்டர் பிடுங்கி வைத்தது ஒரு குஞ்சம்தான். பெட்டியில் பக்கத்துக் குழி காலியாகவே இருந்தது. வனக்காவலர்கள் பருத்திக்குள் குனிந்து குனிந்து தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். வெயிலில் மிருகத்தை வைத்துக்கொண்டு நிற்க முடியாது என்று லாரிக்காரன் அவசரப்படுத்தினான். ஏறுமுன் டாக்டர் நாச்சிமுத்துவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், தோளில் கைவைத்து வெகு நேரம் என்னவோ சொன்னார். நாச்சிமுத்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சோறு போடும்போது அவள் கேட்டாள். அந்த டாக்டர் அத்தனை நேரம் என்ன சொன்னாருங்க என்றாள். வேலி போனதற்கு மனுக் கொடுத்தால் நட்ட ஈடு வருமாம் என்றார். ஊசி ஏதாச்சும் காணாமல் போய்விட்டதா என்றாள். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "உனக்கு ஊட்டு வேலை கம்மியாப் போச்சாட்ட இருக்குது" என்றார். அதற்கப்புறம் வடக்கே மின்னுவதைப் பற்றிப் பேசினார். கோடை மழை ஒன்று இறங்கினால் போதும், வெடித்த பருத்தியெல்லாம் கறை பிடித்துவிடும். ஏற்கெனவே அந்த எழவு மிருகத்தால் எடுப்பு தள்ளிப்போய்விட்டது. நாளைக்கே ஆள் விட்டாக வேண்டும்.

அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான். மஞ்சளும் நிஜம்தான்; அன்றைக்கு இறக்காமல் விட்டிருந்தால் குழைந்துதான் போயிருக்கும்.

விடிந்ததும் பெண்கள் வந்தார்கள். மருதாள், அவள் கூட்டத்துப் பெண்கள், கைக்குழந்தையோடு மாரக்காள். மாரக்காளின் புருஷன் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். சாளையை ஒட்டிய வேப்பமரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். நாச்சிமுத்து எப்போதும் புங்கமரத்துப் பக்கமிருந்துதான் எடுப்பை ஆரம்பிப்பார். நல்ல பருத்தி அங்கேதான். இன்றைக்குத் தலைகீழாக மேற்குக் கோடியைக் காட்டினார். மரத்துப் பக்கம் ஒருத்தியும் வரக் கூடாது, எருமை மிதித்த இடம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். சொல்லிவிட்டு ஒரு நீளக் கோலை எடுத்துக்கொண்டு புங்கமரத்தைச் சுற்றிச் செடி செடியாக விலக்கிக்கொண்டு திரிந்தார். பருத்தி பார்க்கிறவன் கோலால் பார்ப்பானா என்று பழனாத்தாள் நினைத்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை என்ன செய்வது என்று தெரியவில்லை. போய் மருதாளிடம் சொன்னால், பண்ணையக்காரர் தெரிந்தே எங்களை உள்ளே விட்டார் என்று ஊரெல்லாம் ஆகிவிடும். ஊசி மரத்தடியில்தான் விழுந்தது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கலாம். மேற்குப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். இப்படி இருக்கலாம், இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே கம்பங்கூழைக் கரைத்தாள். கடைசியில் கூழைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் நின்று, "பாத்துக் கையை வெய்யுங்க, பாம்பு கீது கெடக்கும்" என்றாள்.

"எருமை போச்சு, இப்பப் பாம்புங்களா ஆத்தா? நாளைக்கு ஆனை வருமாட்ட இருக்குது. அதுக்கும் சேத்துக் கூழ் கரைச்சுருங்க" என்றாள் மருதாள். பெண்கள் சிரித்தார்கள். பழனாத்தாளும் சிரித்தாள். தன் சிரிப்பு தன் காதிலேயே விழுந்தபோது, மஞ்சள் களத்தில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற நாச்சிமுத்துவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்தது.

திரும்பும்போது தொட்டிலை ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு வந்தாள். குழந்தை விழித்துக்கொண்டு, மேலே தொங்குவதைப் பார்த்துக் கையை உதறிச் சிரித்துக்கொண்டிருந்தது. தொட்டில் கட்டையில் சிவப்பாக ஒரு நூல் குஞ்சம். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் கம்பெனிக்குப் போகிற ஆம்பளை இருக்கிற வீட்டுத் தொட்டிலில் எல்லாம் அப்படித்தான். தறித்துப்போட்ட வேஸ்ட் நூலைக் கட்டாகக் கட்டிச் சிவப்பும் பச்சையுமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பழனாத்தாள் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். கை குஞ்சத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் வந்தது.

உச்சிக்கு முன்னால் நாச்சிமுத்து புங்கமரத்தடியிலிருந்து வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்தது. கிடைக்கவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. வரப்பில் நின்று பெண்களைக் கூப்பிட்டார். விடிந்ததிலிருந்து யாருக்காவது ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். அலுமினியத்தில் இத்தனை நீளத்துக்கு ஒரு சாமான், சர்க்கார் சாமான், ஒரு துண்டு காணாமல் போனாலும் போலீஸ் வரும், எடுத்தவள் எவளாக இருந்தாலும் குடிசை குடிசையாகச் சோதனை போட்டுப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றார். வனக்காவலர்கள் தேடியே கிடைக்காத சாமான் எங்கே போகும், கால் முளைத்தா போயிற்று என்றார்.

"நாங்க எதுக்குங்க சாமி சர்க்கார் சாமானை எடுக்கப் போறம்? மடியை வேணும்னா அவுத்துப் பாருங்க" என்றாள் மருதாள். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

விஷம் என்ற ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. சாளை வாசலில் நின்றிருந்த பழனாத்தாள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். சொன்னால், தெரிந்தும் எங்களை ஏன் இறக்கினீர்கள் என்ற கேள்வி வரும். அதற்காகத்தான் அவர் திருட்டுப் பேச்சைப் பேசுகிறார். விஷத்தை மறைக்கத் திருட்டு. அவளுக்கு அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. அவள் வாயும் திறக்கவில்லை.

அதன் பிறகு பெண்கள் பேச்சில்லாமல் எடுத்தார்கள். வழக்கமாக ஒருத்தி மாமியாரைப் பற்றி ஆரம்பித்தால் வரிசை முழுக்கச் சிரிப்பு போகும். இப்போது ஒருத்தி மடியை இன்னொருத்தி ஓரக் கண்ணால் பார்த்தாள். பழனாத்தாள் எல்லோரையும் பார்த்தாள். நாச்சிமுத்து பழனாத்தாளைப் பார்த்தார். நடுவில் குழந்தை அழுகிறது என்று மாரக்காள் தொட்டிலுக்குப் போய் வந்தாள். வந்ததும் மடிப் பருத்தியைச் சாளைக்குள் தன் குவியலில் கொட்டிவிட்டுப் போனாள். அவளவள் எடுத்ததை அவளவள் குவியலாகத்தான் கொட்டுவது. பொழுது சாய்ந்ததும் கூலிக்குப் பதிலான பங்குப் பருத்தியைப் பிரிப்பதற்கு அது தோது.

வடக்கே கருக்கத் தொடங்கிற்று. காற்று திரும்பி ஈர வாசனை வந்தது. பங்கை அப்புறம் பிரித்துக்கொள்ளலாம், முதலில் நனையாமல் பொதி போட்டுவிடுவோம் என்று நாச்சிமுத்து பெண்களைச் சாளைக்கு வரச் சொன்னார். ஆறுச்சாமி ஆள் உயரச் சாக்கை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு வாயை விரித்தான். பொதி என்றால் அப்படித்தான்: சாக்குக்குள் ஓர் ஆள் இறங்கிக்கொள்ள வேண்டும், மேலேயிருந்து பருத்தியைப் போடப்போட மிதிக்க வேண்டும், பருத்தி இறுக இறுக மிதிக்கிறவர் மேலே வந்துகொண்டே இருப்பார். வெறுங்கால்தான். பருத்தி மேல் செருப்புக் கால் படக் கூடாது, அது லட்சுமி. முதல் எடுப்பின் முதல் பொதியைப் பண்ணையக்காரரே மிதிக்க வேண்டும் என்பதும் வழக்கம். நாச்சிமுத்து காலைக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். பருத்தி அள்ளிப் போடுவது அவர் பெண்சாதியின் வேலை.

மருதாளின் குவியல் உள்ளே போயிற்று. இன்னும் இரண்டு பேருடையது போயிற்று. சாக்கு வாய்க்கு மேலே நாச்சிமுத்துவின் தலையும் தோளும் தெரிந்தன. நல்ல தாளத்தில் மிதித்தார். அடுத்திருந்த மாரக்காளின் குவியலில் கைகளை நுழைத்து, மார்போடு அணைத்து அள்ளி, பழனாத்தாள் சாக்குக்குள் போட்டாள். வாசலுக்கு வெளியே நின்றிருந்த மாரக்காள் "ஆத்தா" என்றாள். அவ்வளவுதான். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கண் சாக்கைவிட்டு நகரவில்லை.

பழனாத்தாள் அவளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வேப்பமரத்துத் தொட்டிலைப் பார்த்தாள். தொட்டில் கட்டை வெறுமையாக இருந்தது. குஞ்சம் இல்லை.

"போடு புள்ள. என்ன நின்னுட்டே?" என்று சாக்குக்குள்ளிருந்து நாச்சிமுத்து கேட்டார். போட்ட பருத்தியை மிதிப்பதற்கு ஒரு காலைத் தூக்கியிருந்தார்.

எத்தனை நேரம் என்று அவளால் அப்புறம் சொல்ல முடியவில்லை. ஒரு மூச்சு இருக்கலாம். அந்த ஒரு மூச்சுக்குள் மஞ்சள் கொப்பரைகள் வந்தன, கழுவிவிட்ட வாசல் வந்தது, தான் கூழ் ஊற்றிச் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பகல் முழுவதும் வந்தது. வாய்க்குள் வார்த்தை தயாராக இருந்தது. அதை வெளியே விடாமல் வைத்திருப்பது எத்தனை சுலபம் என்று இருந்தது. கதவுக்குப் பின்னால் நிற்பவர்கள் இப்படித்தான் நிற்கிறார்கள்போல. அவர் கீழேயிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைக் கீழ வெக்காதீங்க" என்றாள். "அந்த ஊசி பொதிக்குள்ள இருக்குதுங்க."

நாச்சிமுத்துவின் முகம் வெளிறிப்போவதை எல்லோரும் பார்த்தார்கள். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. உத்தரத்துக் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டார். ஆறுச்சாமி அவர் அக்குளில் கை கொடுத்து, சிறு பிள்ளையைத் தூக்குவதுபோல வெளியே தூக்கிப் போட்டான். தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கால்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான் அவருக்குக் குரல் வந்தது.

"எவடி வெச்சது? திருட்டு நாய்களா..."

மாரக்காள் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "திருடுலீங்க சாமி. வெடியால மேக்கால கோடியில செடியில மாட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. கம்பெனி மிஷின் சாமான் எதோன்னு நெனச்சனுங்க. குஞ்சம் நல்லா இருந்துச்சுன்னு தொட்டில் கட்டையில குத்தி உட்டனுங்க. புள்ள அதப் பாத்துப் பாத்துச் சிரிச்சுதுங்க. போலீசுன்னு சொன்னதுக்கப்பறம்தானுங்க..."

"பாத்தியா, அவ வாயாலயே வருது" என்றார் நாச்சிமுத்து.

பழனாத்தாள் சாக்குக்கு முன்னால் வந்து நின்றாள். பதினெட்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் அவருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவ திருடுல. அதுல இருக்கறது வெசம். ஒரு சொட்டுப் பட்டா ஆளு போயிரும். அது காட்டுக்குள்ள கெடக்குதுன்னு உங்களுக்கு நேத்தே தெரியுமுங்க. டாக்டரு சொல்லீட்டுத்தான் போனாரு. தெரிஞ்சேதான் இவங்களை எறக்கி உட்டீங்க."

கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் தெரியும்" என்றாள். அது மெதுவாகத்தான் வந்தது.

மருதாள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பருத்திக் காயின் ஓடு கீறிக் கீறி விரல்களில் ரத்தக் கோடுகள் இருந்தன. எடுப்பு நாளில் எல்லோருக்கும் இருப்பதுதான். அவள் ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். மற்றப் பெண்களும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். மாரக்காள் எழுந்து ஓடிப்போய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை அள்ளி எடுத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினாள்.

"தெரிஞ்சா எறக்கி உட்டீங்க, சாமி?" என்று மருதாள் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. வழி கேட்கிறவள் மாதிரி கேட்டாள். பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். "செரிங்க. வாரமுங்க" என்று சொல்லிவிட்டு, பங்குப் பருத்தியைக்கூடக் கேட்காமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வரப்பில் அவர்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக நடந்தார்கள். இரண்டு பக்கத்துச் செடியிலும் படாமல் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு போனார்கள்.

மழை அன்றைக்கே இறங்கிற்று. மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. புங்கமரத்தைச் சுற்றியிருந்த நல்ல பருத்தியெல்லாம் நனைந்து, பழுத்த நிறத்தில் செடியிலேயே தொங்கியது.

ஊசி கிடைத்த சேதி போய், டாக்டர் திருமூர்த்தி சேற்றில் நடந்து வந்தார். ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, சாக்கின் பக்கத் தையலை அறுத்து, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தியை இழுத்தார். குஞ்சம் முதலில் தெரிந்தது. வெளியே எடுத்துத் தூக்கிப் பார்த்து, மருந்து முழுசாக உள்ளேயே இருக்கிறது, செடியில் சிக்கினதால் வெடிக்காமல் இருந்துவிட்டது என்றார். காட்டெருமை நன்றாக இருக்கிறதாம். மலையடியில் கூண்டைத் திறந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. பிறகு பொதியையும் நாச்சிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தார். யாரையும் காட்டுக்குள் விடக் கூடாது என்று அத்தனை சொன்னேனே என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே தகரப் பெட்டியை மூடினார். பழனாத்தாள் மோர் கொடுத்தாள். கையைக் கழுவிவிட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் போன பிறகு நாச்சிமுத்து வெகு நேரம் வாசற்கல்லில் உட்கார்ந்திருந்தார். மாரக்காளைப் பற்றியோ பருத்தியைப் பற்றியோ பேசுவார் என்று பழனாத்தாள் நினைத்தாள். உங்கப்பன் செத்த அன்றைக்கு என்று ஆரம்பிப்பார் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்தாள். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்:

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"என்னதுங்க?"

"அது பொதிக்குள்ள இருக்குதுன்னு. நான் கீழிருந்து பாத்துட்டேதான் இருந்தேன். உனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்பறமும் நீ நின்னே."

தெரிந்ததும் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். அது நிஜம்தான். அவர் மீதித் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினார்.

சித்திரையில் இரண்டாம் எடுப்புக்குப் பெண்கள் வந்தார்கள். வேறு தோட்டம் இல்லை, வந்துதான் ஆக வேண்டும். ஆளுக்கொரு குச்சி கொண்டுவந்திருந்தார்கள். ஒவ்வொரு செடியையும் தட்டி, விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டினார்கள். வேலை பாதிதான் நடந்தது. சீக்கிரமாக எடுங்கள் என்று நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாரக்காள் குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

பொழுது சாய்ந்ததும் ஆறுச்சாமி சாக்கைக் கட்டித் தொங்கவிட்டான். முதல் பொதி போடுகிறவரைப்போல நாச்சிமுத்து காலைக் கழுவிக்கொண்டார். கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். பழனாத்தாள் பருத்தியைக் கைநிறைய அணைத்துக்கொண்டு நின்றாள். ஆறுச்சாமி கை கொடுத்தான். அவர் உடனே இறங்கவில்லை. ஒரு காலைச் சாக்கின் விளிம்பில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். மறைக்க அவளிடம் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. அதை முகத்தில் எப்படிக் காட்டுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் இறங்கினார்.